ஏத்தன் குலையும் எழுதப்படாத பாட்டமும்: குமரி வாழை விவசாயத்தின் நெருக்கடியைப் புரிந்துகொள்ள

குமரி மாவட்டச் செய்திகளில் ஏத்தன் வாழை ஆண்டுதோறும் இரண்டு முரணான தலைப்புகளில் இடம்பெறுகிறது. ஓர் ஆண்டு ‘ஓணம் நெருங்குகிறது, ஏத்தன் விலை உயர்வு’ என்று படிக்கிறோம். அடுத்த ஆண்டு அதே வாரத்தில் ‘விலை வீழ்ச்சி, வெட்டுக்கூலிக்கும் கட்டவில்லை’ என்று படிக்கிறோம். இடையிடையே காற்றில் சாய்ந்த வாழைத்தோட்டங்களின் படங்கள், நிவாரணம் கேட்டு விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழும் வாக்குவாதங்கள், கமிஷன் கடைக்காரர்களோடு நடக்கும் எடைத் தகராறுகள் ஆகியவையும் வருகின்றன. தனித்தனியாகப் படித்தால் இவற்றுக்குள் தொடர்பு இருப்பதாகத் தோன்றாது. ஆனால் இவை அனைத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரே ஆள் மீண்டும் மீண்டும் தென்படுகிறார்: பிறர் நிலத்தைப் பாட்டத்துக்கு எடுத்து, கடன் வாங்கி வாழை வைத்து, காற்றின் இழப்பையும் விலையின் இழப்பையும் தானே தாங்கிக்கொண்டு, அரசின் பதிவேட்டில் மட்டும் பெயர் இல்லாமல் இருப்பவர். விலை வீழ்ச்சி நெருக்கடியின் வெளித்தோற்றம்தான் என்பதும், அதன் வேர் இந்தப் பெயரின்மையில் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதலில் சில சொற்கள்

ஏத்தன்: தோட்டக்கலைத் துறையின் ஏடுகளில் நேந்திரன் என்று குறிக்கப்படும் இரகம். காயாக வறுவலுக்கும், பழமாகப் புட்டுக்குத் துணையாகவும், பழம்பொரிக்கும், அவித்து உண்ணவும் பயன்படுகிறது. நட்ட நாளிலிருந்து வெட்டுவதற்கு 10 முதல் 11 மாதங்கள் ஆகும்.

குலை: பிற மாவட்டங்களில் ‘தார்’ எனப்படுவது. அதுபோலவே இங்கு வாழையை மரக்கணக்கில் சொல்லாமல் ‘மூடு’ கணக்கில் சொல்வார்கள். ‘ஆயிரம் மூடு வாழை’ என்றால் ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்று கேட்பவர் புரிந்துகொள்வார்.

பாட்டம்: குத்தகை. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் முன் இம்மாவட்டம் சார்ந்திருந்த திருவிதாங்கூரின் நில வழக்கிலிருந்து நின்றுவிட்ட சொல். திருவிதாங்கூர் அரசு 1865இல் வெளியிட்ட பண்டாரப்பாட்ட விளம்பரம், அரசு நிலத்தில் பயிர்செய்த குத்தகையாளர்களுக்கு அந்நிலத்தின் உடைமையுரிமையை வழங்கியது. இன்றைய வாழைப்பாட்டத்துக்கு அப்படி எந்த உரிமையும் இல்லை. ஒரு விளைச்சல் காலத்துக்கு, பெரும்பாலும் வாய்ப்பேச்சில், பணத்தை முன்கூட்டியே கொடுத்து எடுப்பது அது.

மட்டி, செந்துளுவன், இரசகதலி, பாளையங்கோட்டான், பேயன் என்று குமரியில் வேறு வாழைகளும் உண்டு. செந்துளுவன் குலை தள்ளி முற்ற ஒன்றரை ஆண்டு வரை எடுத்துக்கொள்ளும்; மட்டி வீட்டுப் பின்புறத்திலும் மலைச்சரிவிலும் வளர்வது. கடன் வாங்கிப் பெரிய அளவில் வைக்கப்படுவது ஏத்தன்தான். ஆகவே நெருக்கடியும் அதில்தான் முதலில் தெரிகிறது.

நாட்காட்டியோடு ஆடும் ஆட்டம்

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வடக்கே போனால் ஏத்தனுக்குக் கேட்பு குறைந்துவிடுகிறது. மேற்கே களியக்காவிளையைத் தாண்டினால் அது அன்றாட உணவு. எனவே குமரியில் விளையும் ஏத்தனின் விலையைத் தீர்மானிப்பது கேரளச் சந்தை, அதிலும் குறிப்பாக ஓணத்துக்கு முந்திய மூன்று நான்கு வாரங்கள். உப்பேரி என்று அங்கே சொல்லப்படும் வறுவல் இல்லாமல் ஓண இலை நிறைவதில்லை.

இங்கே முதல் சிக்கல் தொடங்குகிறது. வாழைக்கு மாதக் கணக்கு. ஓணத்துக்கு நட்சத்திரக் கணக்கு. திருவோணம் 2023இல் ஆகஸ்ட் 29 அன்று வந்தது. 2024இல் செப்டம்பர் 15. 2025இல் செப்டம்பர் 5. 2026இல் ஆகஸ்ட் 26. ஏறக்குறைய மூன்று வாரங்கள் முன்னும் பின்னும் நகரும் ஒரு நாளைக் குறிவைத்துப் பத்து மாதங்களுக்கு முன்பே, அதாவது ஐப்பசி வாக்கில், கன்று நடவேண்டும். மழை குறைந்து குலை தள்ளுவது பத்து நாள் பிந்தினால் அந்தப் பத்து நாளே ஓணச் சந்தைக்கும் ஓணம் கழிந்த சந்தைக்கும் உள்ள வேறுபாடாகிவிடும். ஓணம் முடிந்த மறுநாள் அதே குலையை அதே கடையில் இறக்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

நாள் சரியாக அமைந்தாலும் சந்தை அமையவேண்டும் என்பதில்லை. 2018இல் திருவோணம் ஆகஸ்ட் 25. அதற்குச் சில நாட்கள் முன்பு கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கி, அரசின் ஓண விழா கைவிடப்பட்டது. 2020இல் கொரோனா. 2024இல் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகு கேரள அரசு கொண்டாட்டங்களைச் சுருக்கிக்கொண்டது. 2025இல் தேங்காய் எண்ணெய் விலை எகிறி, வறுவல் போடுபவரின் கணக்கையே மாற்றியது. குமரியின் விளவங்கோட்டில் நிற்கும் வாழைக்கு ஒரு கேடும் வராமலேயே அதன் மதிப்பு குறையக்கூடும் என்பதும், அவ்வாறு குறைந்த மதிப்புக்கு எந்த நிவாரண விதியிலும் இடமில்லை என்பதும் கவனிக்கத்தக்கவை.

விலை ஏன் திடீரென்று சரிகிறது?

1. கடந்த ஆண்டு விலையைப் பார்த்து இந்த ஆண்டு நடுவது. ஓர் ஓணத்தில் நல்ல விலை கிடைத்தால் அந்த ஐப்பசியில் ஊரே வாழை வைக்கிறது, பத்து மாதம் கழித்து அனைவரும் ஒன்றாக வெட்டுகிறார்கள், விலை விழுகிறது, அடுத்த ஐப்பசியில் பலர் ஒதுங்குகிறார்கள், வரத்து குறைந்து விலை ஏறுகிறது. பொருளியலில் இதைச் சிலந்திவலைச் சுழற்சி என்பார்கள். நடுவதற்கும் வெட்டுவதற்கும் இடையே பத்து மாத இடைவெளி இருக்கும்வரை, மற்றவர்கள் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு யாருக்கும் தெரியாதவரை, இச்சுழற்சி நிற்பதற்குக் காரணம் இல்லை.

2. திசு வளர்ப்புக் கன்றுகள். பழைய முறையில் பக்கக்கன்றை எடுத்து நட்டபோது கன்றுக்குக் கன்று வயது மாறுபட்டதால் குலைகள் முன்னும் பின்னுமாக வந்தன. திசு வளர்ப்புக் கன்றுகள் ஒரே வயதுடையவை. நோயற்ற தொடக்கத்தைத் தருகின்றன என்பது உண்மையான நன்மை. ஆனால் தோட்டம் முழுவதும் ஒரே பருவத்தில் முற்றுவதால் வெட்டைத் தள்ளிப்போடும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது.

3. வெளிவரத்து. சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் பகுதிகளிலிருந்தும் கர்நாடகத்தின் மைசூரு, குண்டல்பேட்டை வட்டாரங்களிலிருந்தும் ஏத்தன் லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகிறது. சமவெளியில் பரந்த நிலத்தில் சொட்டுநீரில் விளையும் காயோடு, குமரியின் ஏலாக்களில் (வயல்வெளிகளில்) துண்டு துண்டாகப் பாட்டம் எடுத்து விளைவிக்கும் காய் செலவில் போட்டியிட இயலாது. தூரம் குறைவு என்ற ஒன்றே குமரிக்கு உள்ள அனுகூலம்.

4. பழத்தின் இயல்பு. மரத்திலிருந்து வெட்டிய பிறகும் தானே எத்திலீன் வாயுவை உண்டாக்கிக்கொண்டு பழுக்கும் வகையைச் சேர்ந்தது வாழை. பழுக்கத் தொடங்கியதை நிறுத்த முடியாது. குளிரூட்டித் தாமதப்படுத்தலாம், அதுவும் ஓர் எல்லை வரைதான். சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் தோல் கறுத்து, பின்பு சரியாகப் பழுக்காமலே போகும். உருளைக்கிழங்கைச் சேமிப்பதுபோல் வாழையைக் கிடங்கில் போட்டு மாதக்கணக்கில் விலைக்குக் காத்திருக்க முடியாது. ‘குளிர்பதனக் கிடங்கு கட்டினால் எல்லாம் தீரும்’ என்று மேடைகளில் கேட்கும்போது இந்த 13 டிகிரியை நினைவில் கொள்வது நல்லது. கிடங்கு சில நாட்களை வாங்கித்தரும். சில நாட்கள் பெரிய உதவிதான். ஆனால் ஓணம் கழிந்த குலைக்கு அது அடுத்த ஓணத்தை வாங்கித்தராது.

சந்தையின் தராசு

விவசாயிக்கும் வியாபாரிக்கும் இடையிலான பூசல் எதைப் பற்றியது என்பதை அறிய, விடியற்காலையில் ஒரு குலை கைமாறும் முறையைப் பார்க்கவேண்டும். வண்டியிலிருந்து இறக்கிய குலையை வாங்குபவர் முதலில் எடைபோடுவதில்லை. நடுச்சீப்பில் ஒரு காயைப் பெருவிரலால் தடவிப் பார்க்கிறார். காயின் விளிம்புகள் கூர்மையாக இருந்தால் முற்றவில்லை, உருண்டிருந்தால் முற்றல். பிறகு கடைசிச் சீப்பின் சிறுகாய்களை நோக்கித் தலையசைக்கிறார். அத்தலையசைப்பில் குலை முதல் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு இறங்கிவிடும். அதன் பின்னரே தராசு; தராசில் வந்த எடையிலிருந்து தண்டுக்கென்று ஒரு கழிவு; அதன் மேல் கமிஷன், இறக்குக்கூலி.

தண்டைத் தின்ன முடியாது என்பதால் கழிவு நியாயம்தான். எவ்வளவு கழிவு என்பதே சண்டை. கணக்குக்காக ஒரு குலை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குலைக்கு 1 கிலோ கழித்தால் ஆயிரம் மூட்டில் 1,000 கிலோ. 2 கிலோ கழித்தால் 2,000 கிலோ. ஒரு கிலோ வேறுபாடு ஒரு குலையில் சிறிது. ஒரு தோட்டத்தில் ஒரு டன். விலை ஏறியிருக்கும்போது இந்தக் கழிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விலை விழுந்ததும் அதே கழிவு கொள்ளையாகத் தெரிகிறது.

வியாபாரியின் பக்கத்தையும் சொல்லவேண்டும். குமரியில் வாங்கும் காய்க்கு அவர் உடனே பணம் கொடுத்தாலும் கேரளத்துச் சில்லறைக் கடைகளிலிருந்து வசூல் தாமதமாகிறது. வழியில் பழுத்தவை அவர் கணக்கில்தான் கழிகின்றன. தவிர, பல கமிஷன் கடைகள் நடவுக் காலத்திலேயே விவசாயிக்கு முன்பணம் கொடுக்கின்றன. வங்கி தராத கடனை அவர்கள் தருகிறார்கள் என்பது உண்மை. முன்பணம் வாங்கியவர் குலையை வேறு கடையில் இறக்க முடியாது என்பதும் உண்மை. நாகர்கோவில் வடசேரியில் உழவர் சந்தை இருக்கும்போது ஏன் கமிஷன் கடைக்குப் போகிறார்கள் என்ற கேள்விக்கு இதுவே விடை. உழவர் சந்தை குலையைச் சீப்பு சீப்பாகப் பிரித்து விற்க ஏற்ற இடம். ஒரே வாரத்தில் ஐந்நூறு குலை வெட்டுபவர் அதை அங்கே தோளில் சுமந்து விற்க இயலாது.

காற்று யாருடையது?

முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே தென்மேற்குக் காற்று, ஆனி ஆடியில் குலைப்பாரத்தோடு நிற்கும் ஏத்தனின் மேல்தான் வீசுகிறது. ஓணத்துக்கென்று ஐப்பசியில் நட்ட வாழை குலை தள்ளுவதும் கோடைச் சூறையும் பருவக்காற்றும் வருவதும் ஒரே காலம். கம்பு ஊன்றியும் கயிறு கட்டியும் நிறுத்திய வாழை பெரும்பாலும் அடியோடு விழுவதில்லை, இடுப்பளவில் ஒடிகிறது. முற்றாத குலை அதோடு போயிற்று. வடகிழக்குப் பருவம் மட்டும் விட்டுவைக்கிறதா? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தில் வாழையையும் இரப்பரையும் ஒரே பகலில் சாய்த்துவிட்டது.

இழப்பு நேர்ந்தால் இரண்டு வழிகள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது.

முதலாவது பேரிடர் நிவாரணம். 2022 முதல் 2026 வரையிலான ஒன்றிய அரசின் நெறிமுறைப்படி, பயிர்ச்சேதம் 33 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசனப் பயிருக்கு எக்டருக்கு ₹17,000, நீண்டகாலப் பயிருக்கு ₹22,500, ஒருவருக்கு 2 எக்டர் வரை. எக்டருக்கு 2,500 மூடு என்று கொண்டால், முதல் வீதத்தில் ஒரு மூட்டுக்கு ₹6.80, இரண்டாவது வீதத்தில் ₹9. இந்தத் தொகைக்கு ஒடிந்த வாழையை வெட்டி அப்புறப்படுத்தும் கூலியும் வராது. அரசு இதை இழப்பீடு என்று சொல்லாமல் ‘இடுபொருள் மானியம்’ என்றே எழுதுகிறது. செய்தித் தலைப்பில்தான் அது இழப்பீடாகிவிடுகிறது.

இரண்டாவது 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம். தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்டவேண்டியது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 விழுக்காடு. இத்திட்டம் பரப்பு அடிப்படையிலானது: உங்கள் தோட்டத்தின் இழப்பு அளக்கப்படுவதில்லை, உங்கள் தோட்டம் உள்ள அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி விளைச்சல் அளக்கப்படுகிறது. தனித்தோட்டத்தை நேரில் பார்த்து மதிப்பிடுவது ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, நீர்தேக்கம் போன்ற சில காரணங்களுக்கே. குமரியின் காற்றோ ஒரு குன்றின் மேற்குப் பக்கத்தில் அடித்துக் கிழக்குப் பக்கத்தை விட்டுவிடும் இயல்புடையது. ஓர் ஏலாவில் எல்லாம் ஒடிந்து பக்கத்து ஏலாவில் ஒன்றும் ஆகாதபோது, சராசரி ‘சேதம் பெரிதில்லை’ என்று சொல்லிவிடும்.

இந்த இரண்டு வழிகளுக்கும் வாசலில் நிற்கும் ஆவணம் ஒன்று உண்டு: அடங்கல், அதாவது கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புல எண்ணில் என்ன பயிர், யார் பயிரிடுகிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிவைக்கும் பதிவேடு. வாய்ப்பேச்சில் எடுத்த பாட்டம் அதில் ஏறுவதில்லை. பயிர் வாழை என்று இருக்கும். பெயர் நிலவுடைமையாளருடையதாக இருக்கும். நிவாரணம் வந்தால் அது வங்கிக் கணக்கில் போய்ச் சேரும் இடமும் அந்தப் பெயர்தான். அவர் மனம் வைத்துப் பகிர்ந்தால் உண்டு. ஆண்டுக்கு ₹6,000 வழங்கும் பிரதமரின் கிசான் திட்டமும் நிலம் பெயரில் உள்ளவருக்கே உரியது. வாழை ஒடிந்தவர் ஒருவர், பணம் பெறுபவர் வேறொருவர் என்ற இந்த நிலைமை ஊருக்குள் உண்டாக்கும் மனக்கசப்பு வியாபாரியோடு நடக்கும் சண்டையைவிட ஆழமானது. வெளியே தெரிவதில்லை, ஏனென்றால் அடுத்த ஆண்டும் அதே நிலத்தைப் பாட்டத்துக்குக் கேட்கவேண்டும்.

எல்லைக்கு அப்பால் ₹30

கேரள அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 வகைக் காய்கனி, கிழங்குகளுக்கு அடிப்படை விலையை நடைமுறைப்படுத்தியது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 விழுக்காடு என்ற கணக்கில் நேந்திரனுக்குக் கிலோவுக்கு ₹30, வயநாட்டு நேந்திரனுக்கு ₹24 என்று அன்று அறிவிக்கப்பட்டது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் வேறுபாட்டை அரசு ஈடுசெய்யும். பயன்பெறுபவர் அம்மாநிலத்தில் பதிவுசெய்த விவசாயியாக இருக்கவேண்டும்.

இதன் பொருள்: எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளப் பாறசாலையில் விளைந்த குலைக்கும் இந்தப் பக்கம் களியக்காவிளையில் விளைந்த குலைக்கும் மண் ஒன்று, மழை ஒன்று, வாங்கும் கடையும் ஒன்று, தாங்குவிலை மட்டும் ஒன்றுக்கு உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. ஒன்றிய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் வாழை இல்லை. அழுகும் பொருள்களுக்கென உள்ள சந்தைத் தலையீட்டுத் திட்டத்தைக் கேட்கலாம். ஆனால் மாநில அரசு கோரவேண்டும், விலை இயல்பான ஆண்டைவிடக் குறைந்தது 10 விழுக்காடு சரிந்திருக்கவேண்டும், இழப்பை இரு அரசுகளும் பாதிப்பாதி ஏற்கவேண்டும். கோப்பு நகர்ந்து முடிவதற்குள் ஏத்தன் பழுத்துவிடும்.

கேரளத்திடம் கற்றுக்கொள்ள வேண்டியது விலையைவிட வேறொன்று என்பது என் கருத்து. 2001இல் அங்கே அமைக்கப்பட்ட காய்கனி மேம்பாட்டுக் கழகத்தின் கீழ் விவசாயிகளே கூடி நடத்தும் ஏலச் சந்தைகள் இயங்குகின்றன. வியாபாரி அங்கே வந்து ஏலம் கேட்கிறார். எடையும் கழிவும் எல்லார் கண்முன்னும் முடிவாகின்றன.

வயலும் காடும்

மற்ற இரு பூசல்களைச் சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். நெல்லில் ஈட்டம் குறைந்ததால் வயல்கள் வாழைக்கு மாறின. வாழைக்கு நீர் வடிய ஆழமாக ஓடை வெட்டிப் பணை (மேட்டுப்பாத்தி) போடவேண்டும். நடுவில் ஒருவர் அப்படிச் செய்தால் சுற்றியுள்ள நெல்வயல்காரருக்கு அறுவடை இயந்திரம் இறக்க வழியில்லை, கால்வாய் நீர் முறைப்படி பாய்வதில்லை. வாழைக்குப் பின் தென்னை, தென்னைக்குப் பின் வீட்டுமனை என்ற வரிசையைப் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் பாயும் பல ஏலாக்களில் காணலாம். கேரளத்தில் 2008இல் வந்த நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் போன்ற ஒன்று இங்கே இல்லை.

மலையோரத்தில் காட்டுப்பன்றி இளங்கன்றின் கிழங்கைத் தோண்டித் தின்கிறது. யானை வந்தால் ஓர் இரவிலேயே தோட்டத்தின் கதை முடிந்தது. பாட்ட விவசாயிக்கு வன இழப்பீடும் நிலப்பத்திரத்தின் வழியாகத்தான் வரவேண்டியிருக்கிறது.

மட்டிக்குக் கிடைத்த குறியீடு

2023இல் கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, வாழை விவசாயத்துக்கே விடிவு வந்ததாகச் சிலர் எழுதினார்கள். புவிசார் குறியீடு ஒரு பெயரைக் காக்கிறது; வேறிடத்தில் விளைந்ததை அப்பெயரில் விற்கவிடாமல் தடுக்க உதவுகிறது. விலையை அது நிர்ணயிப்பதில்லை. அதைப் பயன்படுத்த விரும்புபவர் தனித்தனியே அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். குழந்தைக்கு முதல் பழமாகக் கொடுக்கும் மட்டியின் பெருமை வேறு, ஏத்தனின் கடன் வேறு.

முன்வைக்கப்படும் கோரிக்கைகள்: எது எளிது, எது கடினம்

1. ஏத்தனுக்கு மாநில அளவில் அடிப்படை விலை. பணம் ஒதுக்கினால் இயலும். ஆனால் பதிவுசெய்த விவசாயிக்கே தரமுடியும் என்பதால், பாட்டக்காரர் பதிவாகாதவரை இதன் பயனும் நிலவுடைமையாளருக்கே போகும்.

2. காப்பீட்டில் காற்றுச் சேதத்தைத் தனித்தோட்ட மதிப்பீட்டில் சேர்ப்பது. குமரிக்கு மிகப் பொருத்தமானது. காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தக் கேட்கும்.

3. நடவுக் கணக்கை ஐப்பசி கார்த்திகையிலேயே ஊராட்சிவாரியாக வெளியிடுவது. செலவு குறைவு. எவ்வளவு வாழை நிற்கிறது என்று அப்போதே தெரிந்தால், இன்னும் நடாதவர்களில் சிலர் ஏத்தனை விட்டு வேறு இரகத்துக்கு மாறுவார்கள்.

4. பாட்டத்தைப் பதிவுசெய்வது. குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆயினும் ஒருமுறை பெயர் ஏறினால் குத்தகையாளர் நிலத்தை விட்டு இறங்கமாட்டார் என்று உடைமையாளர் அஞ்சுகிறார். குத்தகையாளருக்கு உடைமையுரிமை தந்த 1865 இங்கே பாடப்புத்தக ஆண்டாக மட்டும் நின்றுவிடவில்லை. இந்த அச்சத்தைத் தொடாமல் பதிவைக் கட்டாயமாக்கினால் நிலம் பாட்டத்துக்கே வராமல் தரிசாகக் கிடக்கும். ஆகவே நில உரிமையைத் தொடாத, ஒரு விளைச்சல் காலத்துக்கு மட்டும் செல்லுபடியாகிற ‘பயிரிடுபவர் சான்று’ ஒன்றைக் கிராம நிர்வாக அலுவலர் வழங்கலாம். நிவாரணம், காப்பீடு, கூட்டுறவுக் கடன் ஆகிய மூன்றுக்கு மட்டும் அது போதும் என்று அரசாணையில் எழுதிவிடலாம். அதிலும் உடைமையாளரின் கையொப்பம் வேண்டுமா, அக்கம்பக்கத்து விவசாயிகள் இருவரின் சாட்சியம் போதுமா என்பதே எஞ்சும் கேள்வி. கையொப்பம் வேண்டும் என்று ஆணை வந்தால், ஐப்பசியில் நிலம் கேட்டு வாசலில் நிற்பவர் அதே மூச்சில் அதையும் கேட்கவேண்டியிருக்கும்.